தளவாய் கை சிவந்த கதை

அந்தக் காலத்தில் செடிகளுக்கு வாய் இருந்தது. கொஞ்சம் நீளமாகவே இருந்தது. கீரை பறிக்கப் போனால், "குளிச்சிட்டு வந்தியா?" என்று கீரை கேட்கும். பல் விளக்கக் குச்சி ஒடிக்கப் போனவனிடம் வேம்பு ஊர் வம்பெல்லாம் பேசித் தீர்த்த பிறகுதான் ஒரு குச்சியைக் கொடுக்கும். எதையும் கேட்டுத்தான் பறிக்க வேண்டும். மனமில்லாமல் கொடுத்த இலை மருந்துக்கும் ஆகாது, மசியலுக்கும் ஆகாது.

அப்போது கரிசல் காட்டில் முள்ளிப்பட்டி என்று ஓர் ஊர். அந்த ஊரில் தளவாய் என்று ஒருவன். பேர்தான் தளவாய். படை நடத்துவது இருக்கட்டும், வீட்டுக்குள் நுழைந்த கோழியை விரட்டுவதற்கே அவனுக்குக் கூச்சம். 'அதுவாப் போகும்' என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அவன் பேசாத பேச்சையும் சேர்த்து அவன் பெண்டாட்டி சடைச்சி பேசிவிடுவாள். அதனால் அந்த வீட்டில் மொத்தப் பேச்சு எந்த வீட்டுக்கும் குறைந்ததில்லை.

பிறக்கும்போதே தலை நிறைய முடியோடு பிறந்தவள் சடைச்சி. அதனால் வைத்த பேர். வளர வளர முடியும் வளர்ந்து முழங்காலைத் தொட்டது. தலைக்குக் குளித்த நாளில் அவள் முற்றத்தில் உட்கார்ந்தால், தளவாய்தான் முடியைப் பிரித்துப் பிரித்துச் சாம்பிராணிப் புகை காட்டுவான். "பொம்பளை வேலையைப் பாக்கான் பாரு" என்று போகிறவர் வருகிறவர் கேலி பேசினால் அவன் தலையை நிமிர்த்துவதே இல்லை. புகைதான் கொஞ்சம் கூடுதலாக வரும்.

அந்த முடிக்கு ஊரில் ஒரு வேலையும் இருந்தது. முள்ளிப்பட்டியில் புரட்டாசி விதைப்பின் முதல் விதையை ஒரு பெண்தான் போட வேண்டும். அவள் கூந்தலை அவிழ்த்து விட்டுக்கொண்டு உழுத காட்டின் நடுவில் நிற்பாள். பின்னால் அவள் வீட்டுக்காரன் ஓலைப்பெட்டியை ஏந்திக்கொண்டு நிற்பான். அவள் கையை நீட்டி விதையை அள்ளி வீசுவாள். மேலே போகிற மேகம் குனிந்து பார்த்து, 'அட, நம்ம இனம் ஒண்ணு இங்கே இருக்குதே' என்று நினைத்து இறங்கிவரும் என்பது ஊரின் நம்பிக்கை. அதனால் தலை கருத்தவளாகப் பார்த்துத்தான் பெட்டியைக் கொடுப்பார்கள். ஏழு வருஷமாகப் பெட்டி சடைச்சிக்குத்தான். ஏழு வருஷமும் மழை பொய்க்கவில்லை.

முதல் நரையைக் கண்டது தளவாய்தான். புகை போடும்போது ஒற்றை இழை வெள்ளையாக எட்டிப் பார்த்தது. சத்தம் காட்டாமல் பிடுங்கி வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டான். அடுத்த வாரம் மூன்று. அதற்கடுத்த வாரம் பிடுங்கினால் வழுக்கை விழும் போல் இருந்தது. சடைச்சிக்கு வயது முப்பத்திரண்டுகூட ஆகவில்லை. சில பேருக்கு அப்படித்தான். காரணம் கேட்டால் சொல்ல ஆளில்லை. ஆவணி பிறந்தபோது நெற்றி ஓரம் இரண்டு பக்கமும் வெளுத்துவிட்டது. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு திரிந்தாள். ஊர்க் கண்ணுக்கு முந்தானை எம்மாத்திரம்!

நாட்டாமை ஒரு நாள் வீடு தேடி வந்தார். நல்ல மனிதர். குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் பேசினார்.

"உன் மேல ஒரு குத்தமும் இல்ல தாயி. ஆனா வெள்ளைத் தலையைப் பாத்தா வெள்ளை மேகந்தானே வரும்? வெள்ளை மேகம் என்னைக்குப் பேஞ்சிருக்கு? விதைப்புக்கு இன்னும் பதினஞ்சு நாள் கிடக்கு. பெட்டியை வேற வீட்டுக்கு மாத்திருவோம்."

"சரி மாமா" என்று சிரித்த முகமாகச் சொல்லி, மோர் கொடுத்து அனுப்பினாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் பேச்சே இல்லை. தளவாய்க்கு அந்த அமைதி காதை அடைத்தது. சோறு போட்டாள். குழம்பில் உப்பு வாயில் வைக்க முடியவில்லை. அவன் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

அவளும் ஒரு வாய் வைத்துவிட்டு, "உப்புக் கரிக்குதே, சொல்லக் கூடாதா?" என்றாள்.

"நீ அழுதுகிட்டே கிண்டுன. உப்பு எங்கேருந்து வந்துச்சுன்னு தெரியாம நான் என்னத்தச் சொல்ல?"

அவ்வளவுதான், அடக்கி வைத்ததெல்லாம் உடைந்துவிட்டது. "பெட்டி போனாப் போகுதுங்க. ஏழு வருசம் போட்டாச்சு. ஆனா அன்னைக்கு நான் எங்க போயி நிப்பேன்? கூட்டத்தோட கூட்டமா நின்னு, இன்னொருத்தி போடுறதை வாயைப் பாத்துக்கிட்டு நிக்கவா?" என்று கேட்டுவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள்.

பக்கத்து வீட்டில் தண்ணீர் கேட்கவே கூசுகிறவன் தளவாய். மறுநாள் விடிந்ததும் செடிகளிடம் கேட்கக் கிளம்பிவிட்டான்.

முதலில் வாய்க்கால் கரையில் கரிசலாங்கண்ணியிடம் போய் நின்றான். எதுவும் சொல்லாமல் நின்றான். அதுவே ஆளைப் பார்த்துப் புரிந்துகொண்டது. "இருக்கிற கருப்பை நான் காப்பாத்துவேன் தம்பி. போன கருப்பைப் போயிக் கூட்டிட்டு வர எனக்குத் தெம்பு இல்ல. தரிசுல அவுரி நிக்கா பாரு, அவளைக் கேளு. மசி மாதிரி கருப்பு அவ வயித்துக்குள்ள இருக்கு" என்றது.

அவுரிக்குத் தன் கருப்பைப் பற்றிப் பெருமை உண்டு. ஆனால் கஞ்சத்தனம் இல்லை. "தாராளமாப் பறிச்சுக்கோ. ஆனா ஒண்ணு. வெள்ளை முடியில எனக்குக் கால் பாவாது, வழுக்கிக்கிட்டு வரும்" என்றது. தளவாய்க்கு 'தாராளமா' என்பது மட்டும்தான் காதில் விழுந்தது. மீதியை அவன் கேட்கவில்லை. இலையைப் பறித்து, நிழலில் உலர்த்தி, இடித்துச் சலித்து, வெந்நீர் விட்டுக் குழைத்து அவள் தலையில் அப்பினான். ஊறிய பிறகு அலசினால், கருத்த முடி கருப்பாகவே இருந்தது. வெளுத்த முடி மட்டும் மயில் கழுத்து நிறத்தில் பளபளத்தது.

சடைச்சி தொட்டித் தண்ணீரில் குனிந்து பார்த்தாள். இப்போது அழப்போகிறாள் என்று தளவாய் துண்டை எடுத்து வைத்துக்கொண்டான். அவள் சிரித்தாள். தொட்டியைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கச் சிரித்தாள்.

"ஏங்க, மேகம் வருதோ இல்லையோ, மயில் வந்துரும்!"

அவனும் சிரித்தான். சிரித்து முடித்தபோது இரண்டு பேர் கண்ணும் கலங்கியிருந்தது. நாலு தண்ணீர் ஊற்றியதும் மயில் போய்விட்டது. நரை திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது. அவன் விரல் நுனியில் ஒட்டிய நீலமும் இரண்டு நாளில் போய்விட்டது. விதைப்புக்கு ஆறே நாள் இருந்தது.

மறுபடியும் போய் அவுரி முன்னால் நின்றான்.

"நான்தான் வழுக்கும்னு சொன்னேனே. எனக்குக் கீழ ஒருத்தி பாய் விரிக்கணும். அப்பத்தான் நான் உக்கார முடியும்" என்றது அவுரி.

"யாரு?"

அவுரி இலையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டது. பிறகு, "வேலியில நிக்காளே, அவ" என்று முணுமுணுத்தது.

வேலியில் நின்றது மருதாணி. அப்போதெல்லாம் மருதாணி என்றால் வேலி. வேறு எதற்கும் ஆகும் என்று ஒருவருக்கும் தெரியாது. அவுரிக்கும் அதற்கும் பேச்சுவார்த்தை நின்று பல காலம். ஒரு நாள் மாடு மிதித்துக் கசங்கிய மருதாணி இலை, மழைத்தண்ணீரில் அடித்துப்போய் அவுரியின் தண்டில் ஒட்டி அந்த இடம் சிவந்துவிட்டது. அவுரி, "பச்சைச் சேலைக்குள்ள சிவப்புப் பாவாடையா கட்டியிருக்க?" என்று காடு முழுக்கக் கேட்கும்படி சிரித்தது. வெட்கப்பட்டுப் போன மருதாணி அன்றைக்கு வாயை மூடியதுதான். தன் சிவப்பையும் யார் கண்ணிலும் காட்டவில்லை.

தளவாய் வேலியோரம் போய் விஷயத்தைச் சொன்னான். பாதியிலேயே மருதாணிக்குக் கோபம் வந்துவிட்டது.

"நான் முதல்ல போகணும், அவ எனக்கு மேல வரணும், அப்படித்தானே? என் சிவப்பு பூராவும் அவளுக்கு அடியில போயிரும். பாக்கிறவுக என்ன சொல்லுவாக? 'ஆகா, அவுரி என்னமாக் கருத்திருக்கு'ம்பாக. பாய் விரிச்சவ பேரை யாரு சொல்லுவா?"

தளவாய்க்குப் பதில் பேசி ஜெயிக்கத் தெரியாது. வேலியோரத்தில் அப்படியே உட்கார்ந்தான். "நீ சொல்லுறது வாஸ்தவந்தான். ஏழு வருசமா நானும் பெட்டியை ஏந்திக்கிட்டு அவ பின்னாடி நிக்கேன். ஒருத்தரும் என்னைப் பாத்ததில்ல" என்றான்.

"உனக்கு வருத்தமா இல்ல?"

"அவளைப் பாக்காகளே. விதையை வீசிட்டு அவ நிமிருவா பாரு, ஊரே அவளைத்தான் பாக்கும். அதைப் பின்னாடி நின்னு நான் பாத்துக்கிட்டு இருப்பேன். எனக்கு அது போதும்."

காற்று இல்லாமலே மருதாணியின் கிளை ஒருமுறை ஆடியது.

"சரி, பறிச்சுக்கோ" என்றது கடைசியில். "ஆனா குச்சி, கரண்டி, மட்டை ஒண்ணும் என் மேல படக்கூடாது. உன் கையாலயே அரைச்சு, உன் கையாலயே வழிச்சு, உன் கையாலயே பூசணும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவேதான்" என்று மருதாணி சிரித்தது. எதற்குச் சிரிக்கிறது என்று கேட்கத் தோன்றாமல் தளவாய் மடி நிறையப் பறித்துக்கொண்டு வந்தான்.

விதைப்புக்கு இரண்டு நாள் முன்பு, காலையில் அம்மியில் வைத்து மை போல அரைத்தான். உச்சி வெயில் வரைக்கும் ஊற வைத்தான். சடைச்சி அவன் முன்னால் முதுகு காட்டி உட்கார்ந்தாள். ஒவ்வொரு கற்றையாக விரலால் பிரித்து, வேரிலிருந்து நுனி வரை தடவினான். "குளுகுளுன்னு இருக்குங்க" என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஊறி அலசியபோது நரை இருந்த இடமெல்லாம் தணல் நிறம்.

"அன்னைக்கு மயிலு, இன்னைக்கு அடுப்பா?" என்றாள்.

"பொறு புள்ள."

அதன் மேல் அவுரியைக் குழைத்துப் பூசினான். அதற்கு எந்த நிபந்தனையும் இல்லாததால் பனை மட்டையை நசுக்கி அதைக் கொண்டே பூசினான். பொழுது சாயுமுன் அலசினான். சடைச்சி தொட்டித் தண்ணீரில் குனிந்தாள். கருப்பு. வெயில் பட்ட இடத்தில் மட்டும் உள்ளுக்குள் லேசாக ஒரு சிவப்பு. இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை. "நானாத்தான் இருக்கேன்" என்று மெதுவாகச் சொன்னாள். அந்த ஒரு வார்த்தைக்காக இன்னும் பத்து அம்மி அரைப்பான் தளவாய்.

அப்புறம்தான் தன் கையைப் பார்த்தான். உள்ளங்கை, விரல், நகக்கண் எல்லாம் ஆரஞ்சாக இருந்தது. அவுரி நீலம் போனது போல இதுவும் போய்விடும் என்று நினைத்தான். மறுநாள் பார்த்தால் செக்கச் சிவந்துவிட்டது. சாம்பல் போட்டுத் தேய்த்தான். புளி போட்டுத் தேய்த்தான். குளத்து மணலை அள்ளித் தேய்த்ததில் தோல்தான் எரிந்தது. சிவப்பு இன்னும் துலங்கியது.

இதற்குள் நாட்டாமை வந்து பார்த்துவிட்டு வாயைப் பிளந்தார். "என்ன தாயி, கருத்திருச்சே!"

"எண்ணெய் மாத்துனேன் மாமா" என்றாள் சடைச்சி, எங்கோ பார்த்துக்கொண்டு. அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. பெட்டி இந்த வருஷமும் அவளுக்குத்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். பூசிய கருப்பு என்று தெரிந்தால், 'மேகத்தையே ஏமாத்தப் பாத்தாக' என்று ஊர் அவளைக் காட்டிலிருந்தே இறக்கிவிடும். அவள் தலையைப் பார்த்து யாரும் கண்டுபிடிக்க முடியாது. தளவாய் கையைப் பார்த்தால் பச்சைப் பிள்ளையும் கண்டுபிடித்துவிடும்.

விதைப்பு அன்று தளவாய் இரண்டு கையிலும் துண்டைச் சுற்றிக்கொண்டு பெட்டியை ஏந்தி நின்றான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான். இருந்தாலும் ஏழு வருஷமாக அவனை ஒருவரும் பார்த்ததில்லை; இன்றைக்கும் பார்க்க மாட்டார்கள் என்று நம்பினான். ஊர் கூடி நின்றது. சடைச்சி கூந்தலை அவிழ்த்து உதறினாள்.

"ஏப்பா தளவாய், கையில என்ன?" என்றார் நாட்டாமை.

"புண்ணு."

"அய்யோ பாவம். காட்டு பாப்போம்" என்று அருகில் வந்தார். அவர் திட்டியிருந்தால் தப்பித்திருப்பான். பரிவோடு துண்டை அவிழ்க்கிறவரை எப்படித் தடுப்பது? துண்டு கீழே விழுந்தது. முன்னால் நின்ற பெண் ஒருத்தி வீரிட்டாள்.

"ரத்தம்!"

விதைப்பு நாளில் ரத்தம் என்றால் அதை விடப் பெரிய தீட்டு கிடையாது. ரத்தக் கையோடு நிற்கிறவன் காட்டை விட்டே போய்விட வேண்டும். அடுத்த விதைப்புக்கும் அதற்கு அடுத்த விதைப்புக்கும் எல்லைக்குள் கால் வைக்கக் கூடாது. தளவாய் சடைச்சியைப் பார்த்தான். அவள் கூந்தல் காற்றில் பறந்துகொண்டிருந்தது. அன்று காலை வரை பொய் சொல்லியறியாத மனிதன், ஒரே வீச்சில் மொத்தமாகச் சொன்னான்.

"ஆமா. ரத்தந்தான். கல்லுல கிழிச்சுக்கிட்டேன். நான் போயிருதேன். பெட்டியை வேற யாராவது புடிங்க. அவ போடட்டும்."

பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு நடந்தான். நாலு எட்டு வைத்திருப்பான். சடைச்சி ஓடிவந்து அவன் கையை எட்டிப் பிடித்தாள். பிடித்த கையை ஊர் பார்க்கத் தலைக்கு மேலே தூக்கினாள்.

"பொய்! இது ரத்தம் இல்ல. என் தலைக்கு மருதாணி அரைச்ச கை. என் தலை வெளுத்துத்தான் கிடக்கு. எண்ணெய் மாத்துனேன்னு நான்தான் பொய் சொன்னேன் மாமா. இவரைக் காட்டை விட்டு அனுப்பிட்டு எனக்கு எதுக்குப் பெட்டி?"

நாட்டாமை முகம் கருத்தது. "அப்ப மேகத்தை ஏமாத்தப் பாத்திருக்க?"

சடைச்சி பிடித்த கையை விடவில்லை. "மேகம் மட்டும் கருப்பாவா பிறக்குது மாமா? கடலை விட்டுக் கிளம்பும்போது அதுவும் வெள்ளைதான். வார வழியில தண்ணியை மோந்து மோந்துதானே கருக்குது? நடுவுல பூசிக்கிட்டு வந்த கருப்பு அது. இந்தத் தலை அதுக்கு இனம் இல்லன்னா, வேற எந்தத் தலை இனம்?"

நாட்டாமை மேலே அண்ணாந்து பார்த்தார். கிழக்கே சின்னதாக ஒரு மேகம் நின்றது. வெள்ளையாகத்தான் நின்றது. தன் நரைத்த மீசையைத் தடவிக்கொண்டு, "சரித்தான். இவகிட்டப் பேசி யாரு மீளுறது? போடு தாயி" என்றார். பிறகு பெட்டியை எடுத்துத் தளவாயின் சிவந்த கையில் அவரே வைத்தார்.

தரிசில் நின்ற அவுரி அப்போதுதான் வேலியைப் பார்த்து, "ஏ மதினி, உன் சிவப்பு நல்லாத்தான் இருக்கு" என்று கூப்பிட்டது. "இப்பவாவது கண்ணு தெரிஞ்சுச்சே" என்றது மருதாணி. ஆனால் அதன் பூவெல்லாம் ஒரே நேரத்தில் மணந்துவிட்டது.

மூன்றாம் நாள் மழை கொட்டியது. மேகம் தலை பார்த்துத்தான் இறங்குகிறதா என்பது மேகத்துக்கே வெளிச்சம். முள்ளிப்பட்டிப் பெண்கள் அதைப் பற்றி யோசிக்கவே இல்லை. அவர்கள் கண்ணெல்லாம் தளவாய் கையில் இருந்தது. 'பெண்டாட்டி மேல் ஆசை இருந்தால் இப்படியா சிவக்கும்!' என்று ஒருத்திக்கொருத்தி பேசிக்கொண்டார்கள். வீட்டுக்குப் போய்த் தங்கள் புருஷன்மாரை அம்மி முன்னால் உட்கார வைத்துப் பார்த்தார்கள். ஒருவனுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. ஒருவனுக்கு மாடு காத்துக்கொண்டிருந்தது. ஒருவன் நாலு இழுப்பு இழுத்துவிட்டுப் படுத்துவிட்டான். ஊர் முன்னால் சடைச்சிக்குக் குறைந்து போக யாருக்கு மனம் வரும்? அவர்களே பறித்து, அவர்களே அரைத்து, தங்கள் கையிலேயே வைத்துக்கொண்டார்கள். மருதாணி அதைப் பார்த்தது. சிரித்தது. எல்லாருக்கும் பாரபட்சம் இல்லாமல் சிவந்தது.

நரைத்த தலைக்கு முதலில் மருதாணி, அதற்கு மேல்தான் அவுரி என்ற முறை அன்று முதல்தான் வந்தது. நன்றாகச் சிவந்த கையைப் பார்த்து, "உன் புருஷனுக்கு உன்மேல் கொள்ளை ஆசை" என்று சொல்வதும் அன்று முதல்தான். அரைத்தது யார் என்று மட்டும் இன்றுவரை ஒருவரும் கேட்பதில்லை.